பழைய பயணியின் கருத்து

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பத்திரிகையில் இருக்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் எழுதுவதில்லை, படம் எடுப்பதில்லை, யாரையும் பேட்டி காண்பதில்லை. எங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு செய்திக்கும் கீழே வாசகர்கள் எழுதுகிற கருத்துகளைப் படித்து, எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று பார்ப்பவன். வெளியிடு, நிறுத்து, நீக்கு என்று மூன்று பொத்தான்கள். பன்னிரண்டு வருடமாக அந்த மூன்றைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் மாடியில், ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மூலையில் என் மேசை. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார்கள். பகல் முழுக்க எனக்குப் பேச்சுத் துணை அந்த வாளிதான்.

இந்த வேலையில் இருந்தால் உலகத்தின் மேல் பெரிய மரியாதை ஒன்றும் மிஞ்சாது. எந்தச் செய்தி வந்தாலும் நடக்கப்போவது எனக்கு மனப்பாடம். முதல் பத்து நிமிடம் 'ஆழ்ந்த இரங்கல்'. அரை மணி நேரத்தில் குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் செய்தியை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் திட்ட ஆரம்பிப்பார்கள். சாயங்காலம் வேறு செய்தி வந்துவிடும், எல்லோரும் மூட்டை முடிச்சோடு அங்கே போய்விடுவார்கள். வசைச்சொல், தொலைபேசி எண், விளம்பரம் இந்த மூன்றும் இருந்தால் நீக்க வேண்டும் என்று என் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. யூகத்துக்குத் தடை இல்லை. யூகத்துக்குத் தடை போட்டால் என் வேலையே போய்விடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு விபத்துச் செய்தி ஏறியது. வெளியூர்ப் பேருந்து ஒன்று நிலையத்துக்குள் திரும்பும்போது நேராகப் போய்ப் பயணிகள் நிழற்குடையில் மோதிவிட்டது. அங்கே நின்றிருந்த இரண்டு பேரும் ஓட்டுநரும் இறந்துபோனார்கள். முதலில் வந்தது அவ்வளவுதான். ஓட்டுநரின் பெயர் வரவில்லை.

கருத்துகள் வந்து குவிந்தன. 'காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருப்பான்.' வெளியிடு. 'ஃபோன் பேசிக்கொண்டே ஓட்டியிருப்பான், இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது?' வெளியிடு. 'செத்துத் தப்பித்துவிட்டான்.' இதில் வசைச்சொல் இல்லை. வெளியிடு. ஒருவர் குடித்த ஓட்டுநரைப் பற்றி ஒரு நகைச்சுவைத் துணுக்கே எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்புகூட வந்தது. வெளியிட்டேன். மொத்தம் பதினான்கு என்று பிறகு எண்ணிப் பார்த்தேன்.

பத்தேகாலுக்குச் செய்தியைத் திருத்திப் பெயரைச் சேர்த்தார்கள். முன்னால் ஒரு எழுத்து, பின்னால் பெயர், அடைப்புக்குள் ஐம்பத்திரண்டு. முன்னால் இருந்தது என் அப்பாவின் எழுத்து. பெயர் என் அண்ணனுடையது.

எனக்கு யாரும் ஃபோன் செய்யவில்லை. அண்ணன் வீட்டில் என் எண் யாரிடமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறு வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஊரில் நாற்பது நிமிட தூரத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தோம்.

காரணம் நான்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்த காலையில் அண்ணன் பாதி வழியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நான்தான் ஃபோனில் சொன்னேன். சரி என்றான், வைத்துவிட்டான். மூன்று மணி நேரம் கழித்து, வண்டியைக் கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அடுத்த வண்டி பிடித்து வந்தான். வாசலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது நான் கேட்டேன்.

"என்ன, ட்ரிப்ப முடிச்சுட்டியா? அம்மாவவிட அதானே உனக்குப் பெருசு."

அவன் சீருடைச் சட்டையோடு உள்ளே போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என்னிடம் அவன் எதுவுமே சொல்லவில்லை. நானும் என் வாயால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. முதல் மாதம் வீம்பு, இரண்டாம் மாதம் கூச்சம், அப்புறம் அது பழகிப்போய்விட்டது.

என் அண்ணன் குடிக்க மாட்டான். இருமல் மருந்தையே மூடியில் பாதிதான் ஊற்றிக்கொள்வான், "நாளைக்கு வண்டி எடுக்கணும்டா" என்பான். இது எனக்குத் தெரியும். தெரிந்தவன் உட்கார்ந்துகொண்டு பதினான்கு பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன். பதினைந்தாவது ஆள் திரையில் காத்துக்கொண்டிருந்தான். நான் வெளியிடவில்லை, நீக்கவும் இல்லை. எழுந்து வாளியைக் கொட்டிவிட்டு வந்தேன்.

பணியாளர்கள் கருத்து எழுதக் கூடாது என்பதும் விதி. பன்னிரண்டு வருடத்தில் நான் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் எப்படி எழுதினால் ஜனங்கள் நம்புவார்கள் என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? சொந்தக்காரன் என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். கூட வேலை பார்ப்பவன் என்றால் சங்கத்து ஆள் என்பார்கள். சம்பந்தமே இல்லாத ஒருவர் சொல்ல வேண்டும், இரண்டு பிழையோடு சொல்ல வேண்டும். 'பழைய பயணி' என்று பெயர் வைத்தேன்.

'இந்த டிரைவர் வண்டியில் பல வருடம் போய் இருக்கிறேன். ஆறு வருடம் முன்பு ஒரு நாள் பாதி வழியில் அவருக்கு ஃபோன் வந்தது. அவர் அம்மா இறந்து விட்டார்கள். வண்டியில் ஐம்பது பேர் இருந்தோம். எங்களை ரோட்டில் இறக்கி விடாமல் கடைசி ஸ்டாப் வரை பத்திரமாக கொண்டு விட்டு பிறகுதான் போனார். அப்படிப்பட்டவர் குடித்து விட்டு ஓட்டுவார் என்று நான் நம்ப மாட்டேன்.'

அம்மாவின் வாசலில் நின்று எதற்காக அவனைக் குத்திக்காட்டினேனோ, அதே விஷயம்தான். வேறு ஒருவன் வாயில் வைத்ததும் அது அவனுடைய பெருமையாகிவிட்டது. வெளியிடு என்று அழுத்திவிட்டு, தலைமை உதவியாசிரியரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணன் வீட்டுக்குப் போகும் வழி எனக்கு மறக்கவில்லை, அதுவே ஆச்சரியம். நான் உள்ளே போனதும் பேச்சு ஒரு நிமிடம் நின்று, திரும்ப ஆரம்பித்தது. அண்ணி என்னைப் பார்த்து, "வாங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். அன்றும் மறுநாளும் நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன். வந்தவர்கள் பலர் என்னை வெளியாள் என்றே நினைத்தார்கள். ஒருவர் குடித்த கோப்பையை என்னிடம் நீட்டி, "நீங்க பக்கத்து வீடா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்றால் கதையெல்லாம் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் கூட்டம் குறைந்ததும் அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அண்ணனின் சாப்பாட்டு டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"பொண்ணு உங்க பேப்பர்ல கீழ எழுதுறதெல்லாம் படிச்சிட்டு ரெண்டு நாளா அழுதுட்டே இருந்தா. படிக்காதன்னு ஃபோனப் புடுங்கி வச்சேன். அப்புறம் அவதான் இதக் காட்டி, பிரிண்ட் எடுத்துட்டு வந்தா. படிங்க."

பிரித்துப் பார்க்காமலே என்ன என்று தெரிந்துவிட்டது. பிரித்தேன். காகிதத்தின் கீழே நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிடித்திருக்கிறது என்று இருந்தது.

"யாரோ ஒருத்தர், முன்னப் பின்ன தெரியாதவரு," என்றார் அண்ணி. "அன்னைக்கு அந்த வண்டியில இருந்திருக்காரு. எல்லாத்தையும் பாத்திருக்காரு. இந்த மூணு நாள்ல இது ஒண்ணுதான் தம்பி எனக்குத் தெம்பு."

நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சங்கச் செயலாளர் காலையில வந்தாரு. டாக்டர் ரிப்போர்ட் வர இன்னும் நாளாகுமாம். அதுக்குள்ள விசாரணைல யாராவது இவரப் பத்தி நல்லதா சொன்னா நல்லதுங்கறாரு. இந்தப் பயணியக் கூட்டிட்டு வர முடியுமான்னு கேட்டாரு. நீங்க அங்கதான வேல பாக்கறீங்க? யாருன்னு கண்டுபுடிச்சுத் தர முடியுமா?"

விதிப்படி முடியாது, வாசகர் விவரத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையாகவே அப்படி ஒரு விதி இருக்கிறது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இல்லாத ஒருவனைத் தேடி இவர் பேருந்து நிலையத்தில் போய் நிற்பார், வருகிறவர் போகிறவரை எல்லாம் விசாரிப்பார் என்று தோன்றியது. அண்ணி அப்படிப்பட்டவர்தான்.

"அந்த ஆளு வரமாட்டாரு அண்ணி."

"ஏன், வெளியூரா?"

"அப்படி ஒரு ஆளே இல்ல. நான்தான் எழுதினேன்."

அண்ணி என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். கோபப்படுவார் என்று நினைத்தேன், வெளியே போ என்று சொல்வார் என்றுகூட நினைத்தேன். அவர் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"அப்போ அன்னைக்கு அந்த வண்டியில யாருக்கும் தெரியாது."

"தெரியாது அண்ணி. அண்ணன் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டான்."

"ஆமா. சொல்லியிருக்க மாட்டாரு." ஜன்னல் பக்கம் திரும்பினார். "அம்பது பேர்ல ஒருத்தராவது கண்ணாடியில அவரு மொகத்தப் பாத்திருக்காங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். யாருமே பாக்கல."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்பது இப்போது நினைவில்லை.

"நீங்க அன்னைக்கு வாசல்ல சொன்னீங்களே," என்றார் அண்ணி, "அதுக்காக அவரு உங்கள ஒரு நாள்கூடத் திட்டினதில்ல. 'அவன் சொன்னதுல என்ன தப்பு'ன்னு என்னக் கேப்பாரு. வண்டிய வழியிலயே விட்டுட்டு வந்திருக்கணுமோன்னு கேப்பாரு. சாப்பிடும்போது திடீர்னு கேப்பாரு. 'நீங்க செஞ்சதுதான் சரி'ன்னு நானும் அவருகிட்ட சொல்லிட்டேதான் இருந்தேன். நான் சொல்லி என்ன ஆகப்போவுது? நீங்க சொல்லியிருக்கணும்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கை நீட்டி அதை இறுக்கி மூடினார்.

"செயலாளர்கிட்ட நானே சொல்லிடறேன். பொண்ணுகிட்டயும் சொல்லிடறேன். நீங்க அத எடுத்துடுங்க. எடுத்துட்டு, எழுதினது நீங்கதான்னு தெரியற மாதிரி போடுங்க. யாரோ பயணின்னு வேணாம். தம்பின்னு போடுங்க."

மறுநாள் வேலைக்குப் போனேன். தலைமை உதவியாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போடுங்க. நான் பாக்கல," என்றார். நல்ல மனிதர். அவரிடம் இத்தனை வருடத்தில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

எங்கள் மென்பொருளில் ஒரு கருத்தின் பெயரை மாற்ற முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் எழுத வேண்டும். பழைய பயணியை நீக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு என்பது அதற்குள் ஐநூறைத் தாண்டியிருந்தது. அந்த ஐநூறு பேரும் ஒரு அழுத்தலில் போனார்கள். அதே இடத்தில் எழுதினேன்: 'இந்த ஓட்டுநர் என் அண்ணன். எங்கள் அம்மா இறந்த அன்று அவன் பயணிகளை நடுவழியில் இறக்கிவிடவில்லை. கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வந்தான். அதற்காக எல்லோர் முன்னாலும் நான் அவனைக் கேவலமாகப் பேசினேன். அவன் செய்ததுதான் சரி.' கீழே, தம்பி.

ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஒருவரும் படிக்கவில்லை என்பதே உண்மை. நான்கு நாள் பழைய செய்தி அது.

பன்னிரண்டாம் நாள் மருத்துவ அறிக்கை வந்தது. வண்டி திரும்பும்போதே அண்ணனுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. நிழற்குடையில் மோதுவதற்கு முன்பே உயிர் போயிருக்கலாம் என்றிருந்தது. எங்கள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி. அதன் கீழே இரண்டு கருத்துகள் வந்தன, இரண்டும் 'ஆழ்ந்த இரங்கல்'. முதல் நாள் குற்றவாளியைக் கண்டுபிடித்தவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை. வருவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தால் என்னைவிட முட்டாள் யார்? நிழற்குடையில் நின்ற அந்த இரண்டு பேரின் வீட்டிலும் இந்த நான்கு வரியை யாராவது படித்திருப்பார்கள். அவர்களுக்கு இதனால் என்ன ஆகிவிடும் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் என் திரையில் ஒரு கருத்து வந்து நின்றது. பழைய செய்தியைத் தேடிப் பிடித்து யாரோ தம்பிக்குப் பதில் எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை. ஒரே ஒரு வரி.

'இதை அவர் உயிரோடு இருக்கும்போது அவரிடம் சொன்னீர்களா?'

வசைச்சொல் இல்லை. தொலைபேசி எண் இல்லை. விளம்பரம் இல்லை. சீட்டை இன்னொரு முறை மேலிருந்து கீழ் வரை படித்தேன். நிறுத்துவதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வெளியிட்டேன்.

பிறகு அதன் கீழே இருந்த பெட்டியில், இல்லை என்று எழுதினேன். அதையும் நானே வெளியிட்டேன்.