ஆறு மடிப்பு, ஆறு சொல்

அன்று காலை பூச்சியின் கைகள் மட்டும்தான் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. மனசு முன்கூட்டியே கிளம்பி, இரண்டு மாடி ஏறி, பணியாளர் சாப்பாட்டு அறையின் கதவருகே போய் நின்றுவிட்டது. பதினொரு மணிக்கு அங்கே பரீட்சை. ஸ்பானிஷ் பரீட்சை!

பூச்சி என்பது விடுதியில் அவளுக்கு வைத்த பெயர். வேலைக்கு வந்த புதிதில் யாரோ வாயில்லாப்பூச்சி என்றார்கள். கூப்பிடக் கூப்பிட வாயும் தேய்ந்து, இல்லாததும் தேய்ந்து, பூச்சி மட்டும் மிஞ்சியது.

"ஏய், இழுத்துப் பிடி! விரிப்பு தொங்குது பாரு, ஊஞ்சல் கட்டலாம்" என்று எதிரில் நின்ற அண்ணி கத்தினாள்.

அண்ணி என்றால் சொந்த அண்ணன் மனைவி. பூச்சியை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். கட்டில் விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது, ஜோடி வேண்டும். மூன்று வருஷமாக அண்ணியும் பூச்சியும்தான் ஜோடி. சலவைக்கூடத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். எட்டு இயந்திரங்கள் ஒன்றாகச் சுற்றும் இரைச்சலில் கத்தாத பேச்சு பக்கத்துக் காதுக்கே போய்ச் சேராது.

ஸ்பானிஷ் அங்கே நுழைந்த கதை இதுதான். ஊருக்கு வெளியே பாலம் கட்ட முப்பது பொறியாளர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு வருஷத்துக்கு இந்த விடுதியில்தான் வாசம். ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை அவர்களுக்கு ஓடாது. வந்த அன்றே ஒருவர் துண்டு கேட்க, அவர் அறைக்கு ஐந்து தலையணை போனது. மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். வெளியிலிருந்து ஒரு டீச்சரை வரவழைத்து, வாரத்தில் இரண்டு நாள் மாலை நான்கு மணிக்கு வகுப்பு வைத்தார்.

"ஆறு வாரம். அப்புறம் வாய்மொழிப் பரீட்சை. யார் நல்லா சொல்றாங்களோ அவங்களுக்கு ரிசப்ஷன்ல இடம்" என்று அறிவித்தார்.

முதல் நாள் பதினான்கு பேர் உட்கார்ந்தார்கள். இரண்டாம் வாரம் ஆறு. ஐந்தாம் வாரம் பார்த்தால் இரண்டே பேர்: லிஃப்ட்காரரும் பூச்சியும்.

லிஃப்ட்காரர் பேச்சில் புலி. ஏறுகிற பொறியாளர், இறங்குகிற பொறியாளர் எல்லோரிடமும் "ஓலா அமிகோ" என்று வணக்கம் சொல்லிச் சொல்லி, தான் பாதி ஸ்பானியன் ஆகிவிட்டதாகவே நம்பினார். பூச்சி நோட்டில் எழுதுவதோடு சரி. வகுப்பில் வாய் திறந்ததே இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. எட்டாம் வகுப்பில் வாய்மொழித் தேர்வு. "எழுந்திரு" என்றார் ஆசிரியர். எழுந்தாள். பாடம் முழுக்க நெஞ்சில் இருந்தது. ஒரு சொல் வெளியே வரவில்லை. அறை முழுக்க அமைதி. பின்வரிசையில் ஒருத்தி மெல்ல ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாற்பது வரை எண்ணினார்கள். நாற்பத்தொன்றில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. அந்த நாற்பத்தொன்றிலேயே தான் நின்றுவிட்டதாகப் பூச்சிக்கு அடிக்கடி தோன்றும். இன்றைக்கு அதைத் தாண்டியாக வேண்டும். ரிசப்ஷன் நாற்காலிகூட அதற்கு அப்புறம்தான்.

மூன்றாம் வாரம் நடந்ததை நினைத்தால் அவளுக்கு இன்னும் உடம்பு புல்லரிக்கும். டீச்சர் பலகையில் 'லாவார்' என்று எழுதினார். கழுவுவது, துவைப்பது. அட, என் வேலை என்று பூச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டீச்சர் அதன் வாலில் ஒரு 'சே'யைச் சேர்த்தார். லாவார்சே.

"இப்ப வேலை வெளிய போகாது. செய்யறவங்க மேலயே திரும்பி வரும். துணியைக் கழுவலை, தன்னைத்தானே கழுவிக்கிறாங்க. வாக்கியத்துல வரும்போது அந்த ஒட்டு முன்னாடி போயிடும்: மே லாவோ, நான் கழுவிக்கிறேன்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் பூச்சி படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, அண்ணியிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். அண்ணி இஸ்திரிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இதுக்கா இந்தக் குதி குதிக்கற? நாமளும்தான் சொல்றோம். மூஞ்சியைக் கழுவிக்கிட்டேன், தலையைச் சீவிக்கிட்டேன். நம்ம 'க்கிட்டேன்' மாதிரி ஒண்ணு. அவங்க அதை முன்னாடி ஒட்டறாங்க, நாம பின்னாடி ஒட்டறோம்."

பூச்சி அண்ணியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

"விடுடி! பொட்டி சுட்டுடப் போகுது."

ஆனால் ஆறு வடிவங்கள் இருந்தன. நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேறு ஒட்டு, பின்னால் வேறு வால். மே, தே, சே, நோஸ், ஓஸ், மறுபடி சே. நோட்டில் பார்க்க வரிசையாக இருக்கும். கண்ணை மூடினால் ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு, மூன்றாம் நாள் விரிப்பு மடிக்கும்போது தானாக வழி பிறந்தது. விரிப்பை மடிக்க ஆறு அசைவு. உதறுவது ஒன்று. இழுத்துப் பிடிப்பது இரண்டு. நுனியோடு நுனி சேர்ப்பது மூன்று. இருவரும் நடந்து ஒருவரை ஒருவர் நெருங்குவது நான்கு. கை மாற்றுவது ஐந்து. தட்டி அடுக்குவது ஆறு.

மே லாவோ, உதறு. தே லாவாஸ், இழு. சே லாவா, சேர். நோஸ் லாவாமோஸ் என்று இருவரும் நடந்து வந்தார்கள். ஓஸ் லாவாயிஸ், கை மாற்று. சே லாவான், தட்டு!

ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு. இயந்திர இரைச்சலுக்கு மேலே தொண்டை கிழியக் கத்திக்கொண்டே மடித்தாள். அண்ணியைத் தவிர வேறு யார் காதிலும் விழாது என்பதால் கூச்சமும் இல்லை. கழுவிக்கொள்வது முடிந்ததும் சீவிக்கொள்வது, உடுத்திக்கொள்வது, உட்காருவது என்று வினைகள் மாறிக்கொண்டே போயின. விரிப்புகள் முன்பைவிட வேகமாக அடுக்கில் ஏறின. மேற்பார்வையாளர் வந்து வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணிக்கு மட்டும் இதில் ஒரு மனத்தாங்கல்.

"நீ பாஸாகி மேல போயிட்டா என் எதிர்ல யாரு நிப்பா? புதுசா வந்திருக்காளே, அந்தக் கோணக்கையைத்தான் கொண்டாந்து நிறுத்துவாங்க. அவ மடிச்ச விரிப்பு சமோசா மாதிரி இருக்கும்."

"அப்ப நான் ஃபெயிலாகணும்கறீங்களா, அண்ணி?"

"நான் அப்படிச் சொல்லலையே. மனசுக்குள்ள லேசா நெனச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

இப்போது பத்து ஐம்பத்தைந்து. பூச்சி கையைத் துடைத்துக்கொண்டாள். தலையைச் சீவிக்கொண்டாள்.

"போ, போ. அழுக்குத் துணி எடுக்க நானும் மேல வரணும்" என்று அண்ணி தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அழுக்குத் துணி எடுப்பது மூன்று மணிக்குத்தான்.

லிஃப்ட்காரர் முதலில் உள்ளே போனார். சாத்திய கதவு வழியே அவர் குரல் கணீரென்று கேட்டது. ஐந்தே நிமிஷத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"பிச்சு உதறிட்டேன்! ஆறும் சொன்னேன், ஒரு எடத்துலகூட நிக்கலை" என்றார்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. மே, மே, மேன்னு ஆறு தடவை" என்றாள் அண்ணி. "உள்ள ஆட்டைக் கட்டியிருக்காங்களோன்னு பயந்துட்டேன்."

"அக்கா, பாஷை தெரியாம பேசாதீங்க."

"பாஷை தெரியாது. ஆடு தெரியும்."

பூச்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆறுக்கும் 'மே'யையே ஒட்டியிருக்கிறார். அப்படியானால் வழி திறந்துதான் இருக்கிறது. ஆறையும் சரியாகச் சொன்னால் போதும்!

உள்ளே நீள மேஜை. மேலே வெள்ளை விரிப்பு. அதன் மேல் மூன்று தேநீர்க் கோப்பைகள். மேஜைக்குப் பின்னால் மேனேஜரும் டீச்சரும். கதவு பின்னால் மூடிக்கொண்டதும் சட்டென்று ஒரு அமைதி. இயந்திரம் இல்லை, இரைச்சல் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதுகூடக் கேட்டது.

"வாம்மா, பயப்படாதே" என்றார் மேனேஜர்.

டீச்சர் ஒரு சீட்டை எடுத்து வாசித்தார். "லெவாந்தார்சே. எழுந்திருக்கறது. ஆறு வடிவமும் சொல்லி, கடைசியா ஒரு வாக்கியம் சொல்லுங்க."

எழுந்திரு. பூச்சியின் காதுக்குள் யாரோ ஒன்று என்று எண்ணினார்கள். இரண்டு. மூன்று. சொற்கள் எல்லாம் தொண்டைவரை வந்து, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. எதுவும் வெளியே இறங்கவில்லை. பத்து. பதினைந்து. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது.

"பரவாயில்லைம்மா" என்றார் டீச்சர் மென்மையாக. "எழுத்துல நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. அடுத்த தடவை பாக்கலாம்." சீட்டை மடிக்கப் போனவர் நிறுத்தினார். "கையில என்ன பண்றீங்க?"

பூச்சி குனிந்து பார்த்தாள். இரண்டு கைகளும் காற்றில் இல்லாத விரிப்பை உதறி, இழுத்து, நுனி சேர்த்துக்கொண்டிருந்தன.

"மடிக்கிறேன்" என்றாள். அது முணுமுணுப்பாகத்தான் வந்தது.

டீச்சர் எழுந்தார். பிறகு கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார். மேஜை விரிப்பை உருவி ஒரு பக்கத்தைப் பூச்சியிடம் நீட்டினார். மறுபக்கத்தை மேனேஜரிடம் கொடுத்தார். "சார், கொஞ்சம் பிடிங்க."

"நானா?"

"நீங்கதான். நான் காது குடுத்துக் கேக்கணும்" என்று டீச்சர் மறுபடி உட்கார்ந்தார்.

மேனேஜர் எழுந்து வந்து பிடித்தார். பிடித்தாரே ஒரு பிடி! மழை வரும்போது கொடியிலிருந்து அள்ளுகிற மாதிரி, விளிம்பின் நடுவில் ஐந்து விரலாலும் கொத்தாக. விரிப்பின் இரண்டு மூலையும் தரையில் புரண்டன. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட விரிப்பு. நேற்று மாலை பூச்சியும் அண்ணியும் மடித்து அனுப்பிய அதே விரிப்பு!

"சார், அப்படியா பிடிப்பாங்க!"

ஜன்னல் மேடையில் கோப்பைகள் கிணுகிணுத்தன. சலவைக்கூடத்துக் குரல் அது, எட்டு இயந்திரத்துக்கு மேலே எழும்புகிற குரல். மேனேஜர் துள்ளி அரை அடி பின்னால் போனார்.

"நுனியைப் பிடிங்க! ரெண்டு கைலயும் ஒவ்வொரு நுனி! கட்டை விரல் உள்ள, மத்த விரல் வெளிய! கீழ படக்கூடாது சார், தரைல படக்கூடாது!"

"சரிம்மா, சரி, சரி" என்று மேனேஜர் அவசர அவசரமாக நுனியைத் தேடிப் பிடித்தார்.

எண்ணிக்கை எங்கே நின்றது என்று பூச்சிக்கே தெரியவில்லை. கையில் துணியின் கனம் வந்ததும் காதில் அது இல்லை.

"உதறுங்க! மே லெவாந்தோ!"

விரிப்பு படீரென்று அடித்தது.

"இழுங்க! தே லெவாந்தாஸ்! நுனியைச் சேருங்க. சே லெவாந்தா! இப்ப நடந்து வாங்க சார், வாங்க, நோஸ் லெவாந்தாமோஸ்! கையை மாத்துங்க. ஓஸ் லெவாந்தாயிஸ்!"

மேனேஜர் நடக்கச் சொன்னால் நடந்தார், கொடுக்கச் சொன்னால் கொடுத்தார். கதவுக்கு வெளியே தள்ளுவண்டியின் இரும்பில் யாரோ தாளம் தட்டினார்கள்.

"சே லெவாந்தான்!" பூச்சி மடிப்பை மேஜையில் வைத்து உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"வாக்கியம்?" என்றார் டீச்சர். அவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டிருந்தார்.

"மே லெவாந்தோ ஆ லாஸ் குவாத்ரோ." நான் நாலு மணிக்கு எழுந்திருக்கிறேன். அது உண்மையும்கூட. சொன்ன பிறகுதான் தான் எவ்வளவு சத்தமாகப் பேசினோம் என்பதும், யாரை அதட்டினோம் என்பதும் அவளுக்கு உறைத்தது. முகம் சூடேறியது.

மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "முப்பது பேர் ஒரே நேரத்துல வந்து சாவி கேட்டாலும் இந்தக் குரல் அடக்கிடும்" என்று டீச்சரிடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை காலைல ரிசப்ஷனுக்கு வந்துரும்மா. கொஞ்சம் மெதுவா மட்டும் பேசு. எங்களுக்குக் காது கேக்கும்."

பூச்சி வெளியே வந்தபோது லிஃப்ட்காரர் அவர் இடத்துக்குப் போய்விட்டிருந்தார். அண்ணி மட்டும் காலி தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"கீழ நம்ம பெரிய மிஷினுக்கே கேட்டிருக்கும்டி உன் சத்தம்" என்றாள். கண் ஓரத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, "தூசி" என்று சேர்த்துக்கொண்டாள்.

"அண்ணி, திங்கக்கிழமையிலேர்ந்து..."

"தெரியும், தெரியும். கோணக்கை வருவா. நான் அதட்டிச் சரி பண்ணிக்கறேன். மேனேஜரையே நீ சரி பண்ணிட்ட." வண்டியைத் திருப்பினாள். "இன்னிக்கு இன்னும் எண்பது விரிப்பு கெடக்கு. வா."

இருவரும் கீழே இறங்கி இரைச்சலுக்குள் போனார்கள். அண்ணி மேலே கிடந்த விரிப்பை எடுத்தாள். நுனிகளைப் பார்க்காமலே இருவர் விரலும் போய்ப் பிடித்தன.

"சந்தோஷப்படறதுக்கு என்ன வார்த்தை?" என்று அண்ணி கத்தினாள்.

"அலெக்ரார்சே!"

"அதுவும் நம்ம மேலயே திரும்பி வருமா?"

"வரும் அண்ணி!"

"அப்ப ஆரம்பி."

"மே அலெக்ரோ!" பூச்சி உதறினாள்.

"தே அலெக்ராஸ்!" அண்ணி இழுத்தாள். மூன்று வாரமாக எதிரில் நின்று கேட்டவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நுனியோடு நுனி சேர்ந்தது. நான்காவதான 'நாங்கள்' வடிவத்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தபடி, விரிப்பைத் தூக்கிப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள்.