மூன்று வருஷம் கட்டாத வண்டி

"அண்ணி, வண்டி கட்டியாச்சு. ஏறுங்க."

வாசலில் நின்று அமிர்தலிங்கம் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவர் கத்தினார். ஜப்பான்காரன் தோற்றுச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. உடையார்பாளையத்துக்கு மேற்கே அந்த ஊரில் பாதி முந்திரிக்காடு அவருடையது. அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு மாசமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார். காரணம், நடையில் வெள்ளைச் சீலையோடு நின்றுகொண்டிருந்த அண்ணன் பெண்டாட்டி கமலவேணியின் வயிறு. புருஷனைப் பறிகொடுத்துப் பல வருஷமானவளுக்கு வயிறு மேடிட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஊர்வாயை மூட உலைமூடி ஏது!

"இந்த வண்டியை மூணு வருஷம் முன்னாடி கட்டியிருக்கலாமே, தம்பி," என்றாள் கமலவேணி.

"பழசை எதுக்குக் கிளர்றீங்க? ரயிலுக்கு நேரமாச்சு."

பழசாம்! அவளுக்கா அது பழசு?

அந்த வீட்டில் பெண்கள் தூரமானால் உள்ளே இருக்கக் கூடாது. கொல்லையில், மாட்டுக்கொட்டகைக்கு அந்தாண்டை, கீற்று வேய்ந்த குச்சு ஒன்று உண்டு. மூன்று நாள் அதில் கிடந்து, தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். நாற்பத்தைந்து வயசுக்கு மேல் கமலவேணிக்கு மூன்று நாளில் நிற்கவில்லை. பத்து நாள் போயிற்று, பதினைந்து நாள் போயிற்று. கட்டி கட்டியாகப் போயிற்று. முழுகி உள்ளே வந்த ஈரம் காய்வதற்குள் மறுபடியும் குச்சு. அமிர்தலிங்கத்தின் பெண்டாட்டி ஜானகி கஞ்சியை எட்ட வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். தலை சுற்றச் சுற்ற இவள் தவழ்ந்து வந்து எடுத்துக் குடிப்பாள்.

"என்னை ஒருக்காத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி. செத்துருவேன் போலருக்கு" என்று குச்சுக்குள்ளிருந்து கெஞ்சினாள்.

"தீட்டோட ஏத்தினா வண்டியும் தீட்டு, மாடும் தீட்டு. முழுகிட்டு வாங்க, போவலாம்."

முழுகிவிட்டு வந்து கேட்டால், "அதான் நின்னுபோச்சே அண்ணி, இப்ப எதுக்கு ஆஸ்பத்திரி?"

கேட்டீர்களா நியாயத்தை! போகும்போது தீட்டு, நின்றுவிட்டால் சொஸ்தம். இப்படியே மூன்று வருஷம் ஓட்டினார்கள். அடிவயிற்றில் தேங்காய் மாதிரி ஏதோ கெட்டியாக இருந்தது அவளுக்குத் தெரியும். அதைத் தொட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

இந்தச் சித்திரையோடு எல்லாம் தானாக நின்றுபோயிற்று. மாரியாத்தா கண் திறந்தாள் என்று கமலவேணி கையெடுத்துக் கும்பிட்டாள். குச்சைவிட்டு வெளியே வந்து நாலு பேரைப்போல நடமாடினாள். அப்போதுதான் தெரு அவள் வயிற்றைப் பார்த்தது. ஆவணி பிறந்தும் அவள் குச்சுக்குப் போகவில்லை, வயிறோ மேடிட்டு இருக்கிறது. கிணற்றடியில் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கணக்கு பாடாலூர் வரைக்கும் போயிற்று. அமிர்தலிங்கத்தின் மகள் மலர்கொடியைத் தன் மகனுக்குப் பேசி வைத்திருந்த உண்ணாமலை, ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள்: "வயித்துல கட்டிங்கறாங்க. நெசமாலுமே கட்டின்னா வெட்டி எடுத்துக் கண்ணுல காட்டட்டும். அப்பறம் ஐப்பசி முகூர்த்தத்தைப் பேசிக்கலாம்."

கமலவேணி வண்டியில் ஏறினாள். பிள்ளை பெறாத அவள் தன் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் மலர்கொடி. தன்னால் அவள் கல்யாணம் நிற்கக் கூடாது, வெட்டினால் வெட்டட்டும் என்ற முடிவோடுதான் அரியலூரில் ரயிலேறினாள்.

திருச்சியில் டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து நிதானமாகப் பார்த்தார். குழலை வயிற்றில் வைத்துக் கேட்டார். அழுத்திப் பார்த்தார். மூன்று வருஷக் கதையையும் ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு அமிர்தலிங்கத்தை உள்ளே கூப்பிட்டார்.

"புள்ளையும் இல்ல, கிள்ளையும் இல்ல. கர்ப்பப்பையில கட்டி. பொம்பளைங்க நெறையப் பேருக்கு வர்றதுதான். அவ்வளவு ரத்தம் போனப்ப வந்திருந்தா, ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு நானே சொல்லியிருப்பேன். இப்ப எல்லாம் நின்னுபோற வயசு. வலி இல்ல, நீர் பிரியறதுல தொந்தரவு இல்ல, கட்டி பெருக்கவும் இல்ல. இனிமே அது தானா சுருங்கும். இப்ப வெட்ட வேணாம்."

"இல்லீங்க, வெட்டிடுங்க," என்றார் அமிர்தலிங்கம்.

"எதுக்கு?"

"ஊருக்குக் காட்டணுங்க. ஒரு பாட்டில்ல போட்டுக் குடுத்துட்டீங்கன்னா..."

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது ஆஸ்பத்திரி. கறிக்கடை இல்ல. கட்டிதான்னு கையெழுத்துப் போட்டு எழுதித் தரேன், கொண்டுபோய்க் காட்டுங்க."

"காயிதத்துல என்ன வேணா எழுதலாம்னு சொல்லுவாங்க."

"அப்ப தை மாசம் வரைக்கும் பொறுங்க. புள்ள பொறக்கலைன்னா ஊர் தானா வாயை மூடிக்கும்."

"கலைச்சுட்டாள்னு ஊரு சொல்லுமுங்க. எனக்கு ஐப்பசியில பொண்ணு கல்யாணம்."

"இவங்க ஒடம்புல ரத்தமே இல்ல. மயக்கம் குடுத்து வயித்தைத் திறந்தா எழுந்து வருவாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"அது ஆண்டவன் விட்ட வழி. கட்டி கையில வந்தாப் போதுங்க."

கட்டி கையில் வந்தால் போதுமாம். கமலவேணி அதைத் தன் காதாலேயே கேட்டாள்.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "வயிறு உங்களுது. நீங்க சொல்லுங்கம்மா."

அப்படி ஒரு கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"வேணாங்க," என்றாள். அமிர்தலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, ஒங்கண்ணன் செத்த அன்னிக்கு எந் தாலியை அறுத்தீங்க. பொறுத்துக்கிட்டேன். நான் ரத்தமா ஊத்திக்கிட்டுக் கெடந்தப்ப, உள்ள என்னா இருக்குன்னு எட்டிப் பாக்க ஒரு நாதி இல்ல. இன்னிக்கு நல்லாருக்கேன். இப்ப வந்து அறுத்துப் பாக்கணுமா? எம் மானம் என்னா பாட்டில்லயா இருக்கு?"

டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுச் சொன்னார்: "ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா வந்து காட்டுங்க. மறுபடி ரத்தம் கண்டாலோ, வயிறு பெருத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. அப்ப வெட்டலாம். கெடுதல் பண்றதைத்தான் வெட்டணும்."

மறுநாள் வெறுங்கையோடு வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. விஷயம் தெரிந்ததும் ஜானகி வயிற்றில் அடித்துக்கொண்டாள். அதுவரை அக்கா என்று கூப்பிட்ட வாய், "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியேடி, பாவி!" என்று கத்தியது.

கமலவேணி குனிந்த தலை நிமிரவில்லை. அந்த ஒரு பேச்சுக்குத்தான் அவள் வழி நெடுகப் பயந்துகொண்டே வந்தாள். அப்போது மலர்கொடி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"நிறுத்தும்மா. எம் பெரியம்மா வயித்தை அறுத்துப் பாத்துத்தான் பொண்ணெடுப்பாங்கன்னா, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா எதை அறுத்துப் பாப்பாங்க? அந்த எடம் எனக்கு வேணாம். பாடாலூருக்கு ஆளனுப்பிடுங்கப்பா."

"என்னாடி சொன்ன?" என்று அமிர்தலிங்கம் கையை ஓங்கினார். கமலவேணி குறுக்கே வந்து நின்றாள். சாமான்யமாக அந்த வீட்டு ஆம்பளைகளுக்கு முன்னால் வந்து நிற்காதவள், இம்மி நகராமல் நின்றாள். ஓங்கிய கை எங்கே இறங்குவது என்று தெரியாமல் மெல்லத் தாழ்ந்தது.

கமலவேணி கூரை எறவாணத்தில் செருகியிருந்த அருவாளை உருவிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ஆவணி மழை தூறிக்கொண்டிருந்தது. குச்சின் முன்னங்கால் மூங்கிலில் அருவாளைப் போட்டாள். கீற்று ஒரு பக்கமாகச் சரிந்தது.

"ஐயையோ, குச்சை வெட்டறாளே! தெய்வக் குத்தமாச்சே!" என்று ஜானகி ஓடிவந்தாள்.

"கெடுதல் பண்றதைத்தான் வெட்டணும்னு டாக்டரம்மா சொன்னாங்க, ஜானகி. மூணு வருஷம் என் ரத்தத்தைக் குடிச்சது இதுதான். மலர்கொடிக்கு இது வேணாம். ஒனக்கும் வேணாம்."

ஜானகி தடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அவளும் மாசாமாசம் அதில் சுருண்டு கிடந்தவள்தானே.

மலர்கொடி வந்து மூங்கிலை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் இழுத்துப் போட்டாள். மழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது; கீற்றுக்கு அடியில் இருந்ததால் காய்ந்து கிடந்தது அது ஒன்றுதான். ராத்திரிச் சோறு அதில்தான் வெந்தது.

தீட்டுக் குச்சின் மூங்கிலில் வெந்த சோறு என்று அமிர்தலிங்கத்துக்கும் தெரியும். இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் குழம்பை ஊற்றச் சொல்லிப் பிசைந்து சாப்பிட்டார். மறுசோறும் கேட்டார்.