சொல்லக்கூடாத மூன்று பெயர்கள்

நீதிமன்றத்துக்குப் போவதற்கு முந்தின நாள் முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை. பயம் என்று வெளியில் சொல்ல மனம் வரவில்லை. மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். கசாக் நாட்டுப் பல்காஷ் ஏரிக்கரையில் பிறந்தவளுக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லையாம்! என் கணவர் தௌரென் அதையும் நம்பினார். அவருக்கு எதையும் நம்பிவிடுவதுதான் சௌகரியம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரிலிருந்து கரகந்தா நகரத்துக்குப் போகும் பெரிய பஸ்ஸை ஓட்ட வேண்டும். ஊருக்குள் வேன் ஓட்டி எனக்குப் பல வருஷப் பழக்கம். பெரிய வண்டிக்கு லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தேன். முன்பெல்லாம் பெண்கள் செய்யக்கூடாத வேலைகள் என்று அரசாங்கமே நீளமாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தது. அதைத் தூக்கியெறிந்துவிட்டார்கள். ஆணா பெண்ணா என்று பார்த்து வேலை இல்லை என்று சொல்லக்கூடாது, சொன்னால் வழக்குப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. டெப்போ வாசலில் 'ஓட்டுநர்கள் தேவை' என்று பலகை தொங்கியது. உள்ளே போய்க் கேட்டேன். ஓட்டிக் காட்டு என்றார்கள். பனி உறைந்து கண்ணாடி மாதிரிக் கிடந்த முற்றத்தில் அவ்வளவு நீள வண்டியைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் ஷெட்டுக்குள் நிறுத்தினேன். கூட உட்கார்ந்து வந்தவர் ஒரு குறை சொல்லவில்லை.

அப்புறம் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். ஆள் எடுக்கும் பிரிவின் தலைவர் நடுவில் இருந்தார். அவர் வேறு யாருமில்லை, என் கணவரின் அண்ணன், என் மூத்தார்.

"நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் ஒரு பொம்பளையும் இங்க ஸ்டியரிங்கைத் தொட மாட்டா. போம்மா, போய்க் குடும்பத்தைப் பாரு" என்றார்.

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் 'காலியிடம் நிரம்பிவிட்டது' என்று பதில் வந்தது. அந்த வாரமே மீசை முளைத்தும் முளைக்காத மூன்று பையன்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதில் ஒருவன் முதல் நாளே கேட்டில் இடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்குப் போட்டுவிட்டேன்.

போட்டேனே தவிர, அங்கேயே ஒரு கோணல் செய்துவிட்டேன். எங்கள் கசாக் வீடுகளில் மருமகள் கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. மாமனார், மூத்தார், செத்துப்போன தாத்தா, யாருடையதும் கூடாது. கல்யாணமாகி வந்ததும் அவர்களுக்கு நாமாக ஒரு செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும். என் மூத்தார் நெட்டையாக இருப்பதால் அவருக்கு தெரெக் அகா, நெட்டை மர அண்ணன் என்று வைத்தேன். அவருக்கு அதில் ஏகப் பெருமை. எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் மூத்தாரின் பெயர்தான். அவரை இத்தனை வருஷமாக 'சர்க்கரைக்காரரே' என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் வாங்கச் சொல்லும் சர்க்கரையை நான் வாங்குவதே இல்லை, அது வேறு விஷயம்.

புகார் எழுதும்போது பேனா அந்தப் பெயரில் வந்து நின்றுவிட்டது. 'அலுவலகத்தில் இருந்த ஒரு பெரியவர் இப்படிச் சொன்னார்' என்று எழுதிக் கொடுத்தேன். கோர்ட் ஆபீஸில் அதை வாங்கிக்கொண்ட பெண் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பெரியவர்னா யாரு அக்கா? பேர் போடுங்க."

"கோர்ட்ல சொல்லிக்கிறேன்."

"இப்பவே போட்டா உங்களுக்குத்தான் நல்லது."

போடவில்லை. கோர்ட்டில் மட்டும் வாய் எப்படி வருமென்று நினைத்தேனோ, தெரியவில்லை.

கோர்ட்டில் பெயரைக் கேட்பார்கள் என்று அத்தைக்கு, என் மாமியாருக்கு, தெரிந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"வேலை வேணும்னா வாங்கிக்கோ. யாரு வேணாங்கறா? என் மூத்தவன் பேரை உன் வாயால சபையில சொன்னேன்னு வை, அத்தோட உனக்கும் எனக்கும் முடிஞ்சுது."

"பேரைச் சொல்லாம எப்படி அத்தை வழக்கு நடக்கும்?"

"அது உன் பாடு. நான் இந்த வீட்டுக்கு வந்து கிழவியாயிட்டேன். எங்க காலத்துல புருஷன் பேரும் சொல்லக்கூடாது, ஒரு தடவ சொல்லியிருப்பேனா? உங்க மாமா செத்து, ஆஸ்பத்திரியில பேர் கேட்டப்பக்கூட உன் புருஷனைத்தான் சொல்லச் சொன்னேன்."

கெட்டவள் என்றால் போடி என்றிருப்பேன். கரு வயிற்றில் தங்காமல் போன இரண்டு தடவையும் என்னைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல், ஆட்டெலும்புச் சாறு வைத்து வாயில் ஊட்டியவள் அவள்தான். பெற்ற தாய் எனக்கு அவ்வளவு செய்யவில்லை. அதனால்தான் அந்த வார்த்தை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

தௌரெனிடம் கேட்டேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அம்மா சொல்றதும் நியாயந்தான். நீ சொல்றதும் நியாயந்தான்."

"உங்களுக்குன்னு ஒரு வார்த்தை கிடையாதா?"

"காத்து வருதே, ஜன்னலைச் சாத்தவா?" என்று எழுந்து போனார். சாத்தின ஜன்னலையே இன்னொரு தரம் சாத்திவிட்டு வந்தார்.

மறுநாள் கோர்ட் ஹாலில் ஹீட்டர் கொதித்தது. எதிரே டெப்போவின் வக்கீல், அவன் பக்கத்தில் என் மூத்தார், கோட்டுப் போட்டுக்கொண்டு. பின்னால் பெஞ்சில் அத்தையும் தௌரெனும். நான் உள்ளே வந்ததும் வழக்கப்படி மூத்தாரைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினேன். அவரும் பெரியமனுஷராகத் தலையாட்டினார். வக்கீல் அதைப் பார்த்துப் புன்னகைத்தான். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை.

நீதிபதி என் வயதுப் பெண்மணி. நடந்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். வண்டி ஓட்டிக் காட்டியது, அறை, நாற்காலி, சிரிப்பு, எல்லாம் கடகடவென்று வந்தது. வக்கீல் எழுந்தான்.

"அம்மா, அந்த அறையில மூணு பேர் இருந்தாங்க. நான் சொல்லலைன்னு மூணு பேருமே எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்ககிட்ட அப்படிச் சொன்னது யாரு?"

"எங்க மூத்தார்."

"மூணு பேருமே உங்க புருஷனோட வம்சந்தானே? வயசுல மூத்தவங்க. மூணு பேருமே உங்களுக்கு மூத்தார் முறைதானே?"

பாவி, நன்றாகத்தான் விசாரித்து வைத்திருந்தான்.

"ஆமா. ஆனா இவரு தெரெக் அகா."

ஹாலில் யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள். "டெப்போவுல அப்படி ஒருத்தர் சம்பளம் வாங்கறதா எங்களுக்குத் தகவல் இல்லை" என்றான் வக்கீல். நான் மூத்தார் இருந்த பக்கம் முகவாயை நீட்டினேன். விரலை நீட்ட முடியுமா பெரியவரை நோக்கி?

"இந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேர் உக்காந்திருக்கோம். நானா சொன்னேன்?" என்றான். பிறகு நீதிபதியிடம் திரும்பினான். "மேடம், யார் சொன்னதுன்னே இவங்களால சொல்ல முடியலை. போறவன் வர்றவன் அடிச்ச கிண்டலுக்கெல்லாம் டெப்போ பொறுப்பாகாது. வேலை மறுக்க அதிகாரம் இருக்கிற ஆள் சொன்னாத்தான் அது மறுப்பு."

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. என் மூத்தார் பதற்றமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நல்ல மருமகள், வாய் திறக்க மாட்டாள் என்று அவர்தான் வக்கீலுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்த மரியாதையையே எடுத்து என் வாயில் அடைத்திருந்தார்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க ஏன் தயங்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும் ஒரு வீட்டுக்கு மருமகதான். ஆனா இந்த மைக்குக்கு அதெல்லாம் தெரியாதும்மா. தலையாட்டினா இதுல பதிவாகாது. வாயால சொல்லணும். முழுப் பேர்."

முழுப்பெயர் என்றால் முதலில் தாத்தாவின் பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர், பிறகு மூத்தாரின் பெயர், பிறகு அவர் அப்பா பெயர். ஒரே மூச்சில் மூன்று பெரியவர்கள். அதில் ஒன்று அத்தையே இதுவரை சொல்லாத தன் கணவன் பெயர். இன்னொன்று அவள் மாமனார் பெயர்.

"தண்ணி கிடைக்குமா?" என்றேன். கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அத்தை முந்தியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், வேண்டாம் வேண்டாம் என்று. தௌரென் தன் தொப்பியைச் சுருட்டி விரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். சொல்லாவிட்டால் இன்றைக்கு வீட்டில் சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, அத்தை உண்டு. பஸ் மட்டும் இல்லை. எனக்குப் பின்னால் அந்த அறைக்குள் போகிற எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

"கடைசித் தடவையா கேட்கிறேன்" என்றார் நீதிபதி.

"பெக்தூரோவ்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "பெக்தூரோவ் கைசார் சாதிரோவிச்."

பின்னால் அத்தை ஒரு சத்தம் போட்டாள். அழுகையா, இருமலா என்று தெரியாத சத்தம். வக்கீல் உடனே அடுத்ததற்குத் தயாராகிவிட்டான். அவர் சொன்னதற்குச் சாட்சி உண்டா என்று கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் அவன் பக்கத்திலிருந்த நெட்டை மரம் எழுந்துவிட்டது. முகம் பீட்ரூட்.

"எங்க அப்பா பேரைச் சொல்லிட்டாளே! எங்க தாத்தா பேரை! கேட்டீங்களா எல்லாரும்? வெட்கங்கெட்டவ!"

"உக்காருங்க சார், உக்காருங்க" என்று வக்கீல் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"விடுய்யா! இவளை மாதிரி ஒருத்திகிட்ட ஐம்பது உசுரைக் கொடுத்து அனுப்பறதா? ஆமா, நான்தான் சொன்னேன்! ஒரு பொம்பளையும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டான்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன், நான் அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் தொட மாட்டா!"

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பதிவாயிடுச்சு" என்றார். வக்கீல் தன் ஃபைலை மூடினான்.

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பைப் படித்தார்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக வேலை மறுத்தது சட்டவிரோதம், டெப்போ என்னை ஓட்டுநராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வந்தது. நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. தீர்ப்பு வாசிக்கும்போது பெஞ்சு காலியாக இருந்தது. அத்தையைத் தௌரென் முன்னாலேயே வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார்.

வெளியே வந்தபோது தாமிர ஆலையின் புகை ஊர்மேல் கவிந்திருந்தது. வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேனே என்ற பயம்தான். கதவு பூட்டியிருக்குமோ, என் துணிமணி வாசலில் கிடக்குமோ என்று ஒவ்வொரு தெருத் திருப்பத்திலும் தோன்றியது. வாசலில் எதுவும் இல்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது.

உள்ளே தாழ்வான வட்ட மேஜையைச் சுற்றி அத்தையும் தௌரெனும் டீக்கு உட்கார்ந்திருந்தார்கள். டீத் தண்ணீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில், மருமகள் உட்கார்ந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுக்கிற இடத்தில், அத்தை உட்கார்ந்திருந்தாள். நான் கையை நீட்டினேன்.

"கொடுங்க அத்தை, நான் ஊத்தறேன்."

அவள் கொடுக்கவில்லை. எதிரே விருந்தாளிகள் உட்காரும் மெத்தையைக் கண்ணால் காட்டினாள். உட்கார்ந்தேன். தௌரெனுக்குப் பால் விட்டு அரைக்கிண்ணம் ஊற்றினாள். பிறகு என் கிண்ணத்தை எடுத்து ஊற்றினாள். அரைக் கிண்ணத்தைத் தாண்டியது. நிறுத்தவில்லை. விளிம்பு வரைக்கும் ஊற்றி, சிந்தாமல் என் முன்னால் வைத்தாள்.

எங்களிடம் யாருக்கும் கிண்ணத்தை நிறைத்துக் கொடுப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான் இன்னும் இரு, இன்னும் பேசு, மறுபடி மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு.

"அத்தை..."

"ஆறிடப் போவுது. குடி."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் காலில் விழுந்திருப்பேன். பிரச்சினையே அதுதான், அவள் சொன்னபடி செய்கிறாள், அவ்வளவுதான். கிண்ணத்தை எடுத்தேன். விளிம்பு தளும்பி மேஜை விரிப்பில் சிந்தியது. எங்கே போவேன், இந்தக் குளிரில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன் என்று புத்தி அலைந்தது. அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே சூட்டோடு சூடாக விழுங்கினேன்.

தௌரென் என் கிண்ணத்தைப் பார்த்தார். தன் கிண்ணத்தைப் பார்த்தார். வழக்கம்போல் ஜன்னலைச் சாத்த எழுந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் தன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் அம்மா முன்னால் வைத்தார். அத்தை பால் விட்டு, எப்போதும் போல் பாதி ஊற்றி நிறுத்தினாள்.

அவர் கிண்ணத்தை எடுக்கவில்லை.

"எனக்கும் நிறைய ஊத்தும்மா" என்றார்.