காற்புள்ளி வாங்கிக் கொடுத்த பூஜ்யம்

பிஷ்கெக் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியியல் மாணவர்களுக்காக குல்சினா மூன்று மாதம் உழைத்து ஆன்லைன் பயிற்சித் தேர்வு தயாரித்தாள். முதல் நாளே நூற்றிருபது பேருக்கும் பூஜ்யம்.

"அடடா, என்ன ஒரு சமத்துவம்!" என்றார் துறைத் தலைவர் தாலய்பெக். "இன்னைக்கே இதை இழுத்து மூடும்மா."

குல்சினா விடைகளைத் திறந்து பார்த்தாள். அந்த நாட்டுப் பள்ளிகளில் பழகியபடி எல்லோரும் தசமப் புள்ளிக்குப் பதில் 2,5 என்று காற்புள்ளி வைத்திருந்தார்கள். வெளிநாட்டு மென்பொருளுக்கோ 2.5தான் விடை.

"பசங்க மேல தப்பில்ல சார். ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுறேன்."

"காற்புள்ளி, அரைப்புள்ளின்னு சாக்கு சொல்லாத. பாடம் தெரிஞ்சவன் எப்படியும் பாஸாவான்."

அவள் பட்டியலின் கடைசி வரியைக் காட்டினாள். முந்தின நாள் தானே எழுதிப் பார்த்த தாலய்பெக்கின் பெயர் அங்கே இருந்தது. மதிப்பெண் பூஜ்யம்.

"சரி பண்ணும்மா," என்றார் அவர். "முதல்ல என்னோடத."