பரிசீலனையில் மாட்டிய பரிசீலனை

ஆபீஸில் அவருக்குப் ‘பரிசீலனை’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆட்களைப் பழைய காலத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் கம்பெனியில் அவர் குறைதீர்க்கும் அதிகாரி. ராஜா காலத்தில் ஒரு நாள். கோட்டையைப் பார்க்கலாம், யானையோடு படம் எடுக்கலாம், மாலையில் வீடு திரும்பலாம் என்று விளம்பரம் செய்வார்கள். திரும்பலாம்தான், வண்டி விட்டுவிட்டுப் போகாமல் இருந்தால். அப்படி அங்கே நின்றுபோனவர்கள், கழுத்தில் மாட்டிவிட்ட சின்ன போனில் கூப்பிட்டால் அது நேராகப் பரிசீலனையின் மேஜையில் அடிக்கும். “உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு. பொறுமைக்கு நன்றி,” என்பார். கதை முடிந்தது. ஒற்றை ஆளுக்காக வண்டி அனுப்பினால் முதலாளிக்கு வயிறு எரியும். அது எரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் இவருக்குச் சம்பளம்.

முப்பது வயது தாண்டியும் ஒரு வேலையிலும் நிலைக்காத தம்பிக்கு ஏதாவது வழி பண்ணச் சொல்லி மனைவி நச்சரித்ததால், மைத்துனனைத் தனக்கு உதவியாகச் சேர்த்துக்கொண்டார். தங்கமான மனுஷன். அதுதான் தொல்லை. போனில் யாராவது அழுதால் இவனும் சேர்ந்து அழுவான். அவனைத் தேற்றி எடுக்கப் பரிசீலனை ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். சாப்பாட்டு வேளையில் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டு, மாட்டிக்கொண்ட பயணி மாதிரி குரலை மாற்றி அவனுக்குப் போன் போடுவார். ஒருநாள் கெஞ்சுவார், ஒருநாள் வக்கீல் மாதிரி மிரட்டுவார். ஒருநாள் சொந்தக் குரலிலேயே, ஐயோ மாப்ள, நானே மாட்டிக்கொண்டேன் என்று அலறினார். அவன் பதறியடித்து வண்டிச் சாவியோடு ஓடிவந்தால், மாடிப்படியில் மாமா வடை தின்றுகொண்டு நிற்கிறார். அன்றைக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமில்லை. மாமாவே கூப்பிட்டாலும் அசையக்கூடாது என்று அவனுக்குப் புரிந்தது. ரொம்ப நன்றாகவே புரிந்தது.

ஒரு புகார்கூடத் தன் காதுக்கு வரவில்லை என்று மகிழ்ந்துபோன முதலாளி, பரிசீலனைக்கு ஓர் இலவசப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தார். சனிக்கிழமை போய் அன்றே வந்துவிடலாம். ஞாயிறு விடிந்ததும் மகள் படிப்புக்காக வெளியூர் கிளம்புகிறாள். ரயிலடி வரைக்கும் பெட்டியை நான்தான் தூக்கி வருவேன் என்று அவளிடம் சத்தியம் பண்ணியிருந்தார். அவள் சின்ன வயதில் கேட்ட எதற்கும் ‘பார்க்கலாம்’ என்றே சொல்லிப் பழகிய அப்பா, முதல்முறையாகச் செய்கிறேன் என்று சொன்ன விஷயம் அது.

போன இடத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. ராஜாவைப் பார்த்தார்; ஆள் குள்ளம், ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தார். கோட்டையில் எங்கே திரும்பினாலும் சாணி நாற்றம் குடலைப் பிடுங்கியது. கால் வலிக்கிறதே என்று யானைக் கொட்டடி நிழலில் ஒரு நிமிஷம் சாய்ந்தவர்தான், எழுந்தபோது வண்டி போய்விட்டிருந்தது.

பதறிப்போய் போனை எடுத்தார். முதல் மணியிலேயே மைத்துனன் எடுத்தான். வண்டி போய்விட்டது, உடனே கிளம்பி வா என்றார்.

“உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு. பொறுமைக்கு நன்றி.”

“மாப்ள, விளையாடாதே. நான்தான்.”

மறுமுனையில் அவன் சிரிப்பை அடக்குவது கேட்டது. வண்டிதான் திரும்பி வந்தாயிற்றே, லீவு நாளில்கூட மாமா மாடிப்படியில் நின்று பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டான் மகராசன். இவர் யானையின் பிளிறலைப் போனில் கேட்கவைத்தார். போன தடவை போட்ட இடிச்சத்தம் இதைவிட நன்றாயிருந்தது என்றான். வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுவதையும், அதை ஒரு வருஷமாகத் தான் சரிபண்ணாததையும் சொல்லிப் பார்த்தார். வீட்டு விஷயம் சொன்னாலும் நம்பக்கூடாது என்பது மூன்றாம் பாடம் என்று அவன் ஒப்பித்தான். பரீட்சை முடிந்தது, நீ பாஸ், இப்போது வண்டியை எடு என்று கெஞ்சினார். அது ஐந்தாம் பாடமாம். அடப்பாவி மனுஷா, ஒரு பொத்தலாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா!

அதற்குள் ஈட்டியோடு ஒரு காவலாளி வந்து, யார் நீ, இங்கே என்ன வேலை என்று அதட்டினான். பரிசீலனைக்குப் பழக்கதோஷத்தில் ஒரே வாக்கியம்தான் வாயில் வந்தது. “பொறுமைக்கு நன்றி,” என்றார்.

பக்கத்தில் அரண்மனைத் தாதிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் கை அப்படியே நின்றது. எழுந்து வந்து இவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கொட்டடிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். கையில் குறடோடு ஒருவர் வந்தார். நம் காலத்தில் பல் டாக்டர், இங்கே ராஜாவுக்குப் பல் பிடுங்குபவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து இப்போது மதில் கட்டக் கல் சுமக்கும் ஒருவரும் வந்தார். மூன்று பேர் கழுத்திலும் அதே போன் தொங்கியது.

“அந்தக் குரல் நீங்கதானா?” என்றாள் அம்மாள். அவள் பியூட்டி பார்லர் வைத்திருந்தவளாம். ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள். “இப்ப அவன் பள்ளிக்கூடம் போற வயசு. தினமும் உங்களுக்குத்தான் போன் பண்ணினேன். நீங்க ஒருநாள்கூட கோபப்பட்டதில்ல. அவ்வளவு மரியாதையா பேசுவீங்க.”

அடித்திருந்தால் தாங்கியிருப்பார். மரியாதையாகப் பேசுவீர்கள் என்றது தாங்கவில்லை. மகளின் பெட்டி கண்ணுக்குள் வந்து நின்றது. வெட்கத்தில் தலை குனிந்தார்.

“தப்பு என்னோடதுதாம்மா. என்னை மன்னிச்சிருங்க.”

கையில் போன் அணையாமல்தான் இருந்தது. மறுமுனையில் மைத்துனன் மெதுவாகக் கேட்டான்.

“மாமா... நிஜமாவே அங்கதான் இருக்கீங்களா?”

“ஆமாம் மாப்ள.”

“எத்தனை நாடகம் போட்டிருக்கீங்க, இந்த வார்த்தை மட்டும் வந்ததே இல்ல. அக்காகிட்டகூட நீங்க சொல்லி நான் கேட்டதில்ல. இதோ வரேன்.”

சொன்னபடியே வந்தான். முதலாளியைக் கேட்காமல் எடுத்து வந்த சின்ன வண்டி. ஓட்டுபவரைத் தவிர மூன்று பேர் உட்காரலாம். பரிசீலனை என்ன செய்தார் என்கிறீர்கள்? மன்னிப்புக் கேட்ட வாய் காய்வதற்குள் முண்டியடித்து முதலில் ஏறி உட்கார்ந்தார். மைத்துனன் சாவியைத் திருப்பினான். வண்டி உறுமவே இல்லை.

“இறங்குங்க மாமா. முதல்ல புகார் கொடுத்தவங்க முதல்ல. வரிசையைத் தாண்டி யாராவது ஏறினா வண்டி கிளம்பாதபடி நீங்கதானே பூட்டு போடச் சொன்னீங்க.”

சிபாரிசோடு வருபவர்களைத் தடுக்க அவரே முதலாளியிடம் சொல்லிச் செய்ய வைத்த ஏற்பாடு அது. இறங்கினார். மற்ற மூவரும் ஏறினார்கள். அடுத்த நடை எப்போது என்று கேட்டார். இஞ்சின் ஆற வேண்டும், நாளை மத்தியானம் ஆகிவிடும் என்றான். அதற்குள் மகளின் ரயில் போயிருக்கும்.

“பெட்டி?” என்றார்.

“நான் தூக்கிட்டுப் போறேன் மாமா.”

“அவகிட்டயும் சொல்லிடு.”

“என்னன்னு?”

“இப்ப இந்த அம்மாகிட்ட சொன்னேன்ல, அதை.”

மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். இந்த முறை வண்டி உறுமியது. பார்லர் அம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். அந்த இழுவை, அந்தப் பணிவு எதுவும் குறையாமல் அப்படியே சொன்னாள்.

“உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு. பொறுமைக்கு நன்றி.”

சொல்லிவிட்டுச் சிரித்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவள் சிரிக்கவில்லை.