நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து விழுந்த பந்து

வால்ட் கோசார் 1961 செப்டம்பரில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் அடித்த பந்து, 2004 ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்குக் கீழே வந்தது. கொஞ்சம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

அது மேலே போனதை கார்பன் ஹாலோ சுரங்க ஊரில் நானூறு பேர் பார்த்திருந்தார்கள். எதிரணி பக்கத்து ஊரான லிண்டன். கடைசி இன்னிங்ஸ், இரண்டுக்கு இரண்டு சமம். பந்து மேகத்துக்குள் போனது, திரும்பவில்லை. இருட்டும்வரை அண்ணாந்து நின்றுவிட்டு, வேலி தாண்டித்தான் விழுந்திருக்கும் என்று ஸ்கோர் எழுதும் எமில் ஹ்ருஷ்கா ‘ஹோம் ரன்’ என்று வெற்றிக்கான ஓட்டத்தைப் போட்டுவிட்டார். ஊர் வென்ற ஒரே கோப்பை அதுதான்.

அதன்பிறகு எந்த இளவட்டம் எவ்வளவு தூரம் அடித்தாலும் எடுபடவில்லை. மூன்றாம் வரிசை பெஞ்சில் எமிலும் முடிதிருத்தும் இர்வும் வேர்க்கடலைத் தோலைத் துப்பியபடி, “அதான் கீழ விழுந்துடுச்சே” என்பார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் தன் கல்யாணத்தன்று இரண்டு ஆட்டம் ஆடினார், இரண்டாவதற்கு மணப்பெண்தான் நடுவர். இப்போது விரல் நகம் உடைந்தால் ஒரு மாதம் லீவு. நடுவில் உட்கார்ந்திருக்கும் வால்ட் கழுத்தைத் தடவிக்கொள்வார்.

அந்தச் செவ்வாயன்றும் லிண்டனோடுதான் ஆட்டம். அன்று ஆடிய பந்து வீச்சாளரின் கையில் இருக்கும்போதே, லிண்டன் அணியின் லமார் டில்லி, இருபத்திரண்டு வயது, பத்தடி பின்னால் ஓடி, மேகத்திலிருந்து இறங்கிய இன்னொரு பந்தைப் பிடித்தான். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தரையில் படாமல் பிடித்தால் அவுட். எத்தனை ஆண்டுக்குள் பிடிக்க வேண்டும் என்று எங்கும் போடவில்லை. எந்த ஆட்டத்தில் அவுட் என்பது உங்கள் பாடு என்று எமிலைப் பார்த்தார்.

எமில் பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார். அவுட் என்று எழுதினால் கோப்பை போகும், வால்ட்டின் பேரும் போகும், பெஞ்சில் பேசிய நாற்பத்து மூன்று வருஷப் பேச்சும் போகும்.

“எழுதாதய்யா. அப்ப இவன் அப்பனுக்கே பத்து வயசு. அந்த ஆட்டத்துல இவன் எப்படிப் பிடிக்க முடியும்?” என்றார் இர்வ்.

“அப்ப பந்து மட்டும் எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்துச்சு?” என்று எமில் கேட்டார். இர்வ் யோசித்தார். இன்றுவரை யோசிக்கிறார்.

லமார் வேலியோரம் வந்து மன்னிப்புக் கேட்டான். “மேல பாத்தேன், வந்துச்சு. பிடிக்காம எப்படிங்க விடறது?”

வால்ட் எழுந்து அந்தப் பந்தை வாங்கி, புரட்டிப் பார்த்துவிட்டு அவனிடமே கொடுத்தார். “எமில், இது எப்ப விழும், எவன் தலைல விழும்னு அன்னிலேருந்து அண்ணாந்துக்கிட்டே இருக்கேன். கழுத்து போச்சு. அவுட்டுன்னு எழுதித் தொலை.”

எமில் வீட்டுக்குப் போய் 1961-ஆம் வருஷ ஸ்கோர் புத்தகத்தை எடுத்துவந்து, அழித்து எழுதினார்: அவுட், பிடித்தவர் லமார் டில்லி. கோப்பையை இரண்டு ஊர்களும் ஆறாறு மாதம் வைத்துக்கொள்கின்றன. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் பந்து பிடிப்பதில் சிறந்தவர் யார் என்பதில் இப்போது பெஞ்சில் கருத்து வேற்றுமை இல்லை. லமார் ஞாயிறுதோறும் லிண்டனிலிருந்து பஸ் பிடித்து வந்து, வால்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலைத் தோலைத் துப்புகிறான்.

“இப்ப வர்ற பசங்களுக்கு மேல பாக்கவே தெரியல” என்கிறான். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்.