சாப்பிடாமல் கடலுக்குப் போக முடியாது

பூரணியின் ஊரிலிருந்து கடலுக்குப் போகும் சாலை, போகிறவர்களின் சொந்தக்காரர் வீடுகளுக்குள் புகுந்துதான் போகும். வாசல் வழியாக நுழைந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்படியைக் கடந்து, கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்தால் சாலை மறுபடி தொடங்கும். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட வேண்டும். தட்டில் மிச்சம் இருக்கும்வரை கொல்லைக் கதவு திறக்காது.

சொந்தபந்தம் இல்லாதவர்களுக்கு இது அரை மணி நேரப் பயணம். பூரணியின் வகுப்பில் படிக்கும் ஷர்மிளாவின் வீட்டில் எல்லாரோடும் சண்டை. நல்லது கெட்டது எதற்கும் யாரும் அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். அவர்கள் நினைத்தபோதெல்லாம் கடலுக்குப் போய் வந்தார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

பத்து வயதாகியும் பூரணி கடலைப் பார்த்ததில்லை. தேர்த் திருவிழாவில் வாங்கிய சிவப்பு வாளி ஒன்று அவளிடம் இருந்தது. அதில் மணல் பட்டதே இல்லை. கிளம்பும்போதெல்லாம், இருட்டுவதற்குள் போய்விடலாம் என்பார் அப்பா. யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்திலேயே இருட்டிவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே கிளம்பிவிட்டார்கள். ஸ்கூட்டரில் முன்னால் தம்பி அகில் நின்றுகொண்டான். பின்னால் அம்மா, நடுவில் வாளியோடு பூரணி.

முதலில் மணிமாறன் மாமா வீடு வந்தது. வீட்டுக்குள் போகும்போது எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை. அப்பா சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஸ்கூட்டரை உருட்டினார்.

"எத்தனாவது படிக்கிற?" என்றார் மாமா.

"அஞ்சாவது."

"போன தடவையும் அஞ்சாவதுன்னுதானே சொன்ன?"

போன தடவை என்பது போன மாதம். பூரணி இட்லியை விழுங்கினாள். அகில் இட்லியை நிதானமாகப் பிய்த்துக்கொண்டிருந்ததால் அவன் தட்டில் இருந்ததையும் அவளே தின்றாள். கதவு திறந்தது. ஆனால் 'கிளம்புறோம்' என்று சொன்ன பிறகுதான் அம்மாவுக்கும் மாமிக்கும் பேச்சே ஆரம்பமாயிற்று. வெயில் ஏறிவிட்டது.

அடுத்தது அப்பாவின் தங்கை கோமதி அத்தை வீடு. அங்கே பூரணி ஒரு காரியம் செய்தாள். ஒரு சண்டை மூண்டுவிட்டால் அடுத்த முறை இந்த வீடு வழியில் இருக்காது.

"அத்தை, உங்க சாம்பார் நல்லாவே இல்ல," என்றாள் சத்தமாக.

அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். அத்தை சிரித்தாள். "அப்படியே எங்க அண்ணன் வாய்! இந்தா, இன்னொரு தோசை வெச்சுக்க."

பூரணிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தின்றாள்.

அப்புறமும் வீடுகள் வந்தன. ஒரு வீட்டில் அகில் பாட்டுப் பாட வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் கல்யாண ஆல்பம் காட்டினார்கள். அதிலும் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெயில் தாழ்ந்தபோது விமலா சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இவ்வளவு தூரம் அவர்கள் வந்ததே இல்லை. இதற்கு மேல் வீடும் கிடையாது. கொல்லைப் பக்கமிருந்து ஒரு பெரிய சத்தம் வந்து வந்து போனது. பூரணி இடியாப்பத்தை மெல்லாமல் விழுங்கிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். கொல்லைக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பீரோ நின்றது.

"உப்புக் காத்துல மிக்சி, ஃபேன் எல்லாம் துருப்பிடிக்குது," என்றாள் சித்தி. "அதான் பீரோவ இழுத்துப் போட்டுட்டோம்."

"அது என்ன சத்தம், சித்தி?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ இன்னும் ரெண்டு இடியாப்பம் சாப்பிடு."

அம்மாவுக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு, சித்தி பீரோவைத் திறந்து ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்தாள். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அம்மா அதைப் பிழிந்து பைக்குள் வைத்துக்கொண்டாள். பூரணி வாளியை நீட்டினாள். நாலு சொட்டு விழுந்தது. தொட்டு நக்கிப் பார்த்தாள். கரித்தது.

பீரோவை நகர்த்தச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. வந்த இடத்தில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. திரும்பும் வழியில் வீடுகள் கிடையாது என்பதால் அரை மணியில் ஊர் வந்துவிட்டது.

"நல்லா இருந்துச்சுல்ல?" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் விடிந்ததும் கிளம்பினார்கள். அப்பா ஸ்கூட்டரை வெளியே இறக்கும் நேரம், வேறொரு ஸ்கூட்டர் எஞ்சினை அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா, அவள் கணவர், நடுவில் ஒரு பையன். அவன் கையில் நீல வாளி. பெரியப்பா வண்டியைக் கூடத்துக்குள் உருட்டினார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

பூரணியின் வீட்டுக் கொல்லையில் ஒரு துவைகல்லும் தண்ணீர்த் தொட்டியும்தான் உண்டு. இப்போது அந்தப் பக்கமிருந்து அதே சத்தம் வந்து வந்து போனது. கதவிடுக்கில் ஈரக் காற்று வீசியது. அவள் வாளியோடு கதவருகே போனாள்.

"பூரணி, வந்து ஒரு கை குடு," என்று அப்பா கூப்பிட்டார். அவர் படுக்கையறையிலிருந்து பீரோவை இழுத்துக்கொண்டிருந்தார். "மிக்சி துருப்பிடிச்சிரும்."

பூரணி கதவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். விருந்தாளிகள் இருக்கும்போது எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளினாள். பீரோ கொல்லைக் கதவை மறைத்துக் கச்சிதமாகப் பொருந்தியது.

பையன் தட்டைக் காலி செய்துவிட்டு, நீல வாளியோடு அடுப்படிக்கு ஓடி வந்தான். பீரோவின் முன்னால் நின்றான்.

"அக்கா, அது என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல," என்றாள் பூரணி. "நீ எத்தனாவது படிக்கிற?"